நன்றாக ஓடிய நாளின் கணக்கு: செயல்திறன் புள்ளிவிவரங்களைச் சேர்ப்பதும் காத்து வைப்பதும்

"போன மாதக் கடைசியில் 2 மணி நேரத்தில் முடிந்த பேட்ச், இந்த மாதம் 5 மணி நேரம் இழுக்கிறதே, ஏன்?" பெரிய நிறுவன மென்பொருளைப் பராமரிப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. பேட்ச் என்பது மொத்தமாக ஓட்டப்படும் தொகுப்பு வேலை. இன்றைய நிலவரத்தை விரல்நுனியில் வைத்திருப்பார்கள். சிபியு எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, எந்த எஸ்கியூஎல் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வி) மேலே நிற்கிறது எல்லாம் திரையில் தெரியும். போன மாதக் கடைசி நாளில் அதே எண்கள் எப்படி இருந்தன என்று கேட்டால் பதில் இருக்காது. அழிந்து போயிருக்கும். அதன்பிறகு நடப்பது ஆய்வு இல்லை, ஊகம். மெமரியைக் கூட்டிப் பார்ப்பார்கள், இண்டெக்ஸைத் திரும்பக் கட்டுவார்கள், சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள். ரீஸ்டார்ட் செய்ததோடு மிச்சமிருந்த சான்றும் போய்விடும்.

காரணம், கருவிகளோடு வரும் இயல்பு அமைப்புகள். ஆரக்கிள் டேட்டாபேஸின் செயல்திறன் பதிவகமான ஏடபிள்யூஆர் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேர எண்களின் நகல்) எடுத்து 8 நாள் வைத்திருக்கும். கண்காணிப்புக் கருவியான பிரோமிதியஸ் 15 நாள். லினக்ஸின் செயல்திறன் பதிவுக் கருவியான சிஸ்ஸ்டாட் 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு எடுக்கும். ரெட்ஹாட் வகையில் 28 நாள், டெபியன் வகையில் 7 நாள் வைத்திருக்கும். டெபியன் வகையில் நிறுவினால் மட்டும் போதாது, அமைப்புக் கோப்பில் தனியாக இயக்கி விட வேண்டியிருக்கும். பலர் இதைக் கவனிப்பதில்லை. மெய்நிகர் சர்வர்களை நிர்வகிக்கும் விசென்டர் 5 நிமிட விவரத்தை ஒரு நாள்தான் வைத்திருக்கும். அதன்பின் 30 நிமிடச் சராசரி ஒரு வாரம், 2 மணி நேரச் சராசரி ஒரு மாதம், ஒரு நாள் சராசரி ஓராண்டு. அமேசான் கிளவுடின் கண்காணிப்புச் சேவையான கிளவுட்வாட்சில் ஒரு நிமிட விவரம் 15 நாள், 5 நிமிட விவரம் 63 நாள், ஒரு மணி நேர விவரம் 455 நாள்.

நிறுவனத்தின் வேலைச் சுழற்சியோ வாரம், மாதம், காலாண்டு, ஆண்டு என்று ஓடுகிறது. 8 நாள் வைத்திருக்கும் கருவியால் இந்தத் திங்கட்கிழமையைப் போன திங்கட்கிழமையோடு ஒப்பிடலாம். இந்த மாதக் கடைசியைப் போன மாதக் கடைசியோடு ஒப்பிட முடியாது. ஆகவே முதலில் எடுக்க வேண்டிய முடிவு நாள் கணக்குதான். நுணுக்கமான விவரம் 40 நாளாவது இருக்கட்டும். அப்போது ஒரு மாதக் கடைசி முடிந்து அடுத்த மாதக் கடைசியும் ஓடி, புகார் வந்து சேர ஒரு வாரம் ஆனாலும் இரண்டும் கையில் இருக்கும். சுருக்கிய விவரம் 400 நாள் இருக்கட்டும்; ஆண்டு முடிவை ஆண்டு முடிவோடு ஒப்பிட அது போதும். 30 நாள், 365 நாள் என்று வட்ட எண்ணாக வைப்பவர்களுக்கு, ஒப்பிட வேண்டிய அந்த நாள் சரியாக முந்தைய நாள்தான் அழிந்திருக்கும்.

தொல்லை தந்தவை மட்டும் பதிவாகும் சிக்கல்

கால அளவைக் கூட்டினால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அதைவிட ஆழமான ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான கருவிகள் மோசமானவற்றை மட்டுமே எடுத்து வைக்கின்றன. ஏடபிள்யூஆர் ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிலும் எல்லா எஸ்கியூஎல்லையும் பதிவதில்லை. நேரம், சிபியு, பஃபர் வாசிப்பு (நினைவகத்திலிருந்து டேட்டா பிளாக்குகளைப் படிப்பது) போன்ற ஒவ்வோர் அளவுகோலிலும் முன்னணியில் நிற்கும் 30ஐ மட்டும் எடுக்கும். இயல்பு அமைப்பு அதுதான். இன்று 5 மணி நேரம் ஓடும் எஸ்கியூஎல் இன்றைய பட்டியலில் தலைமையில் இருக்கும். போன மாதம் அது நல்லபிள்ளையாக ஓடியிருந்தால் அந்த 30க்குள் வந்திருக்காது, பதிவும் ஆகியிருக்காது. 40 நாள் வைத்திருந்தும் வேண்டிய வரி மட்டும் இருக்காது.

மைஎஸ்கியூஎல்லில் மெதுவான கேள்விகளைப் பதியும் ஸ்லோ லாகிலும் இதே கதை. அதன் இயல்பு எல்லை 10 விநாடி. 0.3 விநாடியில் முடிந்துகொண்டிருந்த கேள்வி 12 விநாடிக்குப் போன அன்றுதான் லாகில் முதன்முதலாகத் தலைகாட்டும். லாகைப் படிப்பவருக்கு அது புதிய கேள்வியாகத் தெரியும். 'டெவலப்பர்கள் புதிதாக எதையோ சேர்த்துவிட்டார்கள்' என்று விரல் தவறான பக்கம் நீளும்.

ஆரக்கிளில் இதற்கு நேரான வழி இருக்கிறது. தொழிலுக்கு முக்கியமான 20, 30 எஸ்கியூஎல்களைத் தேர்ந்தெடுத்து, ஏடபிள்யூஆரில் 'கலர்டு எஸ்கியூஎல்' என்று குறித்து வையுங்கள். முன்னணியில் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நினைவகத்தில் இருக்கும்வரை அவை ஒவ்வொரு ஸ்னாப்ஷாட்டிலும் எடுக்கப்படும். எதைத் தேர்ந்தெடுப்பது? மாதக் கடைசி பேட்ச்சின் முக்கியப் படிகள், திரையில் பயனர் காத்திருக்கும் தேடல்கள், இரவு இண்டர்ஃபேஸ் ஓட்டங்கள். பயன்பாட்டை நன்கு அறிந்த ஒருவரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் பட்டியல் தயாராகிவிடும். இவ்வளவு குறைந்த உழைப்புக்கு இவ்வளவு பலன் தரும் வேலை இத்துறையில் வேறு இல்லை.

அந்த வரி கையில் இருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். எடுத்துக்காட்டாக, போன மாதக் கடைசியில் ஒரு எஸ்கியூஎல் 3,000 முறை ஓடியிருக்கிறது, ஒரு முறைக்கு 420 பஃபர் வாசிப்பு. இந்த மாதம் 3,100 முறை, ஒரு முறைக்கு 41,000. திரும்பக் கொடுத்த வரிகள் இரண்டு மாதமும் ஒன்றுதான். பிளானின் (டேட்டாபேஸ் அந்தக் கேள்வியை ஓட்டத் தேர்ந்தெடுக்கும் வழியின்) அடையாளமான பிளான் ஹாஷ் எண் மாறியிருக்கிறது. இந்த நான்கு எண்களைப் பார்த்த மாத்திரத்தில் வேலைப்பளு கூடவில்லை, டேட்டா கூடவில்லை, பிளான்தான் மாறியிருக்கிறது என்று தெரிந்துவிடும். 41,000 மட்டும் கையில் இருப்பவர் ஸ்டோரேஜ் குழுவோடு மூன்று நாள் வாதாடிக்கொண்டிருப்பார்.

ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், எஸ்கியூஎல் சர்வர்

ஏடபிள்யூஆர் அமைப்பை மாற்றும்போது கால அளவை நிமிடத்தில் கொடுக்க வேண்டும். 40 நாள் என்றால் 57,600. இடைவெளியை 60 நிமிடத்திலிருந்து 30 அல்லது 15க்குக் குறைக்கலாம். 15க்குக் கீழே போவதில் பெரிய லாபம் இல்லை, அந்த நுணுக்கத்துக்குத்தான் செயலில் உள்ள செஷன்களை (டேட்டாபேஸ் இணைப்புகளை) விநாடிக்கு ஒரு முறை மாதிரி எடுக்கும் ஏஎஸ்எச் இருக்கிறது. ஆனால் ஏஎஸ்எச்சின் விநாடி விவரம் நினைவகத்தில் மட்டும்தான். டிஸ்க்குக்குப் போவது பத்தில் ஒன்று. சராசரியாக 10 செயலில் உள்ள செஷன்கள் இருக்கும் டேட்டாபேஸுக்கு இயல்பு அமைப்பில் ஏடபிள்யூஆர் 200 முதல் 300 எம்பி இடம் பிடிக்கும் என்பது ஆரக்கிளே தரும் மதிப்பு. 40 நாளுக்கு அதை 5ஆல் பெருக்குங்கள், இடைவெளியை 15 நிமிடமாக்கினால் மேலும் சுமார் 4ஆல். 6 ஜிபி பக்கம் வரும். இன்றைய டிஸ்க் அளவில் இது ஒன்றுமே இல்லை.

ஆனாலும் இந்த விவரங்கள் சேரும் சிஸாக்ஸ் டேபிள்ஸ்பேஸ் வீங்கிப் போவதுண்டு. பழைய ஏஎஸ்எச் விவரம் பார்ட்டிஷன் பார்ட்டிஷனாக (டேபிளின் துண்டு துண்டாக) கழிகிறது. புதிய பார்ட்டிஷன் பிரியாமல் நின்றுவிட்டால் பழையது கழியாமல் சேர்ந்துகொண்டே போகும். எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் ஸ்கிரிப்ட் ஆரக்கிளோடே வருகிறது. மாதம் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். இன்னொன்று, ஏடபிள்யூஆரைப் பயன்படுத்த டயக்னாஸ்டிக்ஸ் பேக் உரிமம் வேண்டும். இல்லாதவர்கள் ஸ்டாட்ஸ்பேக்கை நிறுவிக்கொள்ளலாம். பழையது, ஆனால் நம்பகமானது. தானாக எதையும் அழிக்காது என்பதால் கழிக்கும் வேலையை நீங்கள்தான் அட்டவணையில் போட வேண்டும்.

நல்லபடியாக முடிந்த மாதக் கடைசியை ஒப்பீட்டுக்கான பேஸ்லைனாகக் குறித்து, காலாவதி இல்லாமல் வைத்துவிடுங்கள். மற்ற ஸ்னாப்ஷாட்டுகள் கழிந்தாலும் அது நிற்கும். சிக்கல் வந்த மாதத்தை பேஸ்லைனாகச் சேமிப்பவர்கள்தான் நிறையப் பேர். வேண்டியது இரண்டும்தான், ஆனால் முதலில் வேண்டியது நல்ல மாதம்.

போஸ்ட்கிரெஸில் நிலைமை வேறு. பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சி தருவது கடைசி ரீசெட்டிலிருந்து கூட்டிக்கொண்டே போகும் எண்கள். காலவாரியான வரலாறு அதில் கிடையாது. ஒரு கேள்வி 40 லட்சம் முறை ஓடியிருக்கிறது என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. நீங்களே 15 நிமிடத்துக்கு ஒரு முறை அதை நேர முத்திரையோடு ஒரு டேபிளில் நகலெடுக்க வேண்டும். இயல்பாக 5,000 கேள்விகள் வரை வைத்திருக்கும். நாளுக்கு 96 நகல் என்றால் 4,80,000 வரிகள். இதைக் குறைக்க இரண்டு வழிகள்: முந்தைய நகலுக்குப் பின் ஓட்ட எண்ணிக்கை மாறாத வரிகளை விட்டுவிடுங்கள், எஸ்கியூஎல் வாசகத்தைத் தனி டேபிளில் ஒரே ஒரு முறை வையுங்கள். நகல் டேபிளை நாள்வாரிப் பார்ட்டிஷனாகப் பிரித்து, பழையதை டிராப் செய்யுங்கள். டெலீட் போட்டு அழித்தால் டேபிள் வீங்கும், இடத்தை மீட்கும் வேக்யூம் அதன் பின்னாலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த 5,000 இடமும் நிறைந்தால் குறைவாக ஓடியவை வெளியே தள்ளப்படும். மாதத்துக்கு ஒரு முறை ஓடும் பேட்ச்தான் முதல் பலி. 14ஆம் பதிப்பிலிருந்து இப்படித் தள்ளப்படுவது எத்தனை முறை நடந்தது என்று காட்டும் ஒரு எண்ணிக்கை இருக்கிறது. அது ஏறிக்கொண்டே போனால் அளவைக் கூட்டுங்கள். நிரலிலிருந்து எஸ்கியூஎல்லைத் தானே உருவாக்கும் ஓஆர்எம் நூலகங்கள் 3 மதிப்பு, 4 மதிப்பு, 17 மதிப்பு என்று நீளம் மாறும் பட்டியல்களோடு கேள்வி அனுப்பினால், 18க்கு முந்தைய பதிப்புகளில் ஒவ்வொரு நீளமும் தனிக் கேள்வியாகப் பதிவாகி இடத்தை அடைத்துவிடும். கேள்வி அடையாள எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். 18க்கு முந்தைய பதிப்புகளில் டேபிளை டிராப் செய்து மறுபடி உருவாக்கினால் அதே கேள்விக்கு வேறு எண் வரும். வாசகத்தின் ஹாஷ் ஒன்றை நீங்களே கணக்கிட்டுப் பக்கத்தில் வைத்தால் இரண்டையும் இணைத்துப் பார்க்கலாம்.

எஸ்கியூஎல் சர்வரில் கேள்விகளின் வரலாற்றை வைக்கும் குவரி ஸ்டோர் 2016 பதிப்பிலிருந்து இருக்கிறது. நினைவகத்தில் இருக்கும் பிளான் கேஷை ஒட்டிய டிஎம்வி (நிலவரக் காட்சி) எண்களைப் போல ரீஸ்டார்ட்டில் அழியாது. இயல்பாக 30 நாள், 60 நிமிட இடைவெளி. கவனிக்க வேண்டியது இட அளவு: 2016, 2017 பதிப்புகளில் 100 எம்பி, 2019லிருந்து 1,000 எம்பி. நிறைந்துவிட்டால் சத்தமில்லாமல் வாசிப்பு மட்டும் நிலைக்குப் போய்விடும், புதிதாக எதுவும் பதிவாகாது. பழைய அமைப்பை அப்படியே புதிய பதிப்புக்குக் கொண்டு வந்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். உள்ளபடியான நிலையும் விரும்பிய நிலையும் ஒன்றுதானா என்று தினம் ஒரு முறை சரிபார்க்கும் சிறு வேலை ஒன்றை அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

சராசரி எதை விழுங்குகிறது

டிஸ்க்கை மிச்சப்படுத்த எல்லாரும் செய்வது, பழைய விவரத்தைச் சராசரியாகச் சுருக்குவது. ஒரு சர்வர் 55 நிமிடம் 20 சதவீத சிபியுவில் இருந்து, 5 நிமிடம் 100 சதவீதத்தில் முட்டி நின்றது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரச் சராசரி 26.7 சதவீதம். பயனர்கள் திரை உறைந்து தவித்த 5 நிமிடம் அந்த எண்ணில் எங்கேயும் தெரியாது. அதனால் சுருக்கும்போது சராசரியோடு உச்சத்தையும், எண்ணிக்கையையும், கூட்டுத்தொகையையும் சேர்த்தே வையுங்கள். பழையதைத் தானே சுருக்கிச் சேமிக்கும் ஆர்ஆர்டிடூல் வகைக் கருவிகளில் சராசரி ஆர்க்கைவ் மட்டும் போட்டுவிட்டால் உச்சம் போனது போனதுதான். தொடக்கத்திலேயே உச்சத்துக்கு ஒரு ஆர்க்கைவ் சேர்க்க வேண்டும்.

பெர்சன்டைலில் இதைவிடப் பெரிய தவறு நடக்கிறது. 95ஆம் பெர்சன்டைல் என்றால் 100இல் 95 கோரிக்கைகள் அந்த நேரத்துக்குள் முடிந்தன என்று பொருள். ஒரு சர்வரில் 10,000 கோரிக்கைகள், 95ஆம் பெர்சன்டைல் 200 மில்லிவிநாடி. இன்னொன்றில் 100 கோரிக்கைகள், 95ஆம் பெர்சன்டைல் 4 விநாடி. இரண்டையும் சராசரி எடுத்து 2.1 விநாடி என்று டாஷ்போர்டில் காட்டினால் அது யாருடைய அனுபவமும் இல்லை. பெர்சன்டைல்களைக் கூட்டவோ வகுக்கவோ முடியாது. எதிர்காலத்தில் நாள்வாரி, மாதவாரிப் பார்வை வேண்டுமென்றால் ஹிஸ்டோகிராம் பக்கெட் எண்ணிக்கைகளை (ஒவ்வொரு நேர எல்லைக்குள்ளும் எத்தனை கோரிக்கைகள் என்பதை) சேமியுங்கள். அவற்றைக் கூட்டலாம், கூட்டிய பிறகு பெர்சன்டைலைக் கணக்கிடலாம். பக்கெட் எல்லைகளை உங்கள் சேவை உறுதிமொழி எண்ணுக்கு இருபுறமும் நெருக்கமாக வையுங்கள். உறுதி 2 விநாடி என்றால் 1.5, 2, 2.5 என்று எல்லைகள் இருக்கட்டும். 1க்கு அடுத்தது 5 என்று இருந்தால் இடையில் நடப்பது தெரியாது.

பக்கெட்டுகளுக்கு விலை உண்டு. 8 சர்வர், 40 யூஆர்எல், 6 நிலைக் குறியீடு, 12 பக்கெட் என்றால் 23,040 தொடர்கள் (தனித்தனியாகச் சேமிக்கப்படும் அளவீட்டு வரிசைகள்), தாங்கும். யாரோ ஒருவர் வாடிக்கையாளர் எண்ணையும் ஒரு லேபிளாகச் சேர்த்து, 10,000 வாடிக்கையாளர்கள் இருந்தால், இதுவே 23 கோடியைத் தாண்டும். பிரோமிதியஸ் மெமரி நிறைந்து விழும். வாடிக்கையாளர்வாரி விவரம் வேண்டுமென்றால் அதை லாகிலோ டிரேஸிலோ தேடுங்கள்.

இடக் கணக்கு எளிது. பிரோமிதியஸில் ஒரு அளவீடு சுருக்கப்பட்டு 1 முதல் 2 பைட் பிடிக்கும். 200 சர்வர், ஒவ்வொன்றிலும் 500 தொடர், 15 விநாடிக்கு ஒரு முறை என்றால் விநாடிக்கு சுமார் 6,667 அளவீடுகள். 2 பைட் என்று வைத்தால் நாளுக்கு 1.15 ஜிபி. 40 நாளுக்கு 46 ஜிபி, 400 நாளுக்கே 461 ஜிபிதான். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமலே 'இடம் போதாது' என்று 7 நாளில் அழிப்பதைப் பார்க்கும்போது மனம் ஆறவில்லை. நேர எல்லையோடு அளவு எல்லையையும் சேர்த்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் தொடர்கள் திடீரெனப் பெருகி டிஸ்க் நிறைந்து, எல்லாமே நின்றுவிடும்.

கவுண்டர், இடைவெளி, கடிகாரம்

கூட்டிக்கொண்டே போகும் கவுண்டர்கள் ரீஸ்டார்ட்டில் பூஜ்யத்துக்குத் திரும்பும். இரண்டு நகல்களைக் கழித்து விகிதம் எடுக்கும்போது புதிய எண் பழையதைவிடச் சிறியதாக இருந்தால், இடையில் ரீசெட் நடந்திருக்கிறது. அப்போது புதிய எண்ணையே வித்தியாசமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏடபிள்யூஆரில் ஒரு ரிப்போர்ட்டின் தொடக்க ஸ்னாப்ஷாட்டுக்கும் முடிவு ஸ்னாப்ஷாட்டுக்கும் இடையில் ரீஸ்டார்ட் இருந்தால் அந்த ரிப்போர்ட்டை எடுக்கவே முடியாது. ஸ்விட்ச் போர்ட்டின் 32 பிட் பைட் கவுண்டர், 1 ஜிகாபிட் இணைப்பு முழு வேகத்தில் ஓடினால் 34 விநாடியில் சுற்றி வந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒரு முறை அதைப் படித்துப் போடும் வரைபடம் வெறும் குப்பை. 64 பிட் கவுண்டரைக் கேளுங்கள்.

அளவீடு வராத நேரத்தைப் பூஜ்யமாக நிரப்பாதீர்கள். பூஜ்ய சிபியுவும் பதில் சொல்லாத சர்வரும் ஒன்றல்ல. வரைபடத்தில் வெற்றிடம் வெற்றிடமாகவே தெரிய வேண்டும். அளவீடு வரவில்லை என்பதற்கே ஒரு எச்சரிக்கை வையுங்கள்.

எல்லாச் சர்வரின் கடிகாரமும் என்டிபியில் (நேர ஒத்திசைவு நெறிமுறை) ஒத்திசைந்து, சேமிப்பு உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கட்டும். காட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். கோடைக்கால நேர மாற்றம் உள்ள இடங்களில், உள்ளூர் நேரத்தில் சேமித்தால் ஆண்டில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வரும், ஒரு மணி நேரம் காணாமல் போகும். அப்ளிகேஷன் சர்வரும் டேட்டாபேஸும் 40 விநாடி விலகியிருந்தால் எது காரணம், எது விளைவு என்பதே தலைகீழாகிவிடும்.

ஜாவா 8இல் ஜிசி லாகின் (பயன்படாத மெமரியை விடுவிக்கும் வேலையின் பதிவு) பெயரில் நேரம் சேர்க்காவிட்டால், ரீஸ்டார்ட்டில் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடும். மெமரி தீர்ந்து விழுந்த சர்வரில் நமக்கு வேண்டியதே அந்தப் பழைய கோப்புதான்.

எண்களோடு சேர்த்து வைக்க வேண்டிய இரண்டு சங்கதிகள் பெரும்பாலும் விடுபடுகின்றன. ஒன்று, தொழில் எண்ணிக்கை: மணிக்கு எத்தனை ஆர்டர், எத்தனை இன்வாய்ஸ், எத்தனை பேர் உள்ளே இருந்தார்கள். சிபியு 30 சதவீதம் ஏறியபோது ஆர்டரும் 30 சதவீதம் ஏறியிருந்தால் அது வளர்ச்சி, ஏறவில்லை என்றால் கோளாறு. இரண்டு, மாற்றங்களின் நாட்குறிப்பு: எந்த நேரம் எந்த ரிலீஸ் போனது, எந்த பாராமீட்டர் மாறியது, பிளானைத் தேர்ந்தெடுக்கும் ஆப்டிமைசருக்கான ஸ்டாட்ஸ் எப்போது எடுக்கப்பட்டது, எந்த பேட்ச் எப்போது தொடங்கி எப்போது முடிந்தது. நேரம், பெயர், ஒரு வரி விளக்கம் உள்ள ஒரு சின்ன டேபிள் போதும். டிப்ளாய்மென்ட் ஸ்கிரிப்ட்டே அதில் ஒரு வரி எழுதும்படி செய்துவிடுங்கள். மனிதர்கள் எழுதுவார்கள் என்று விட்டால் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும்.

நீண்ட காலம் வைக்கும்போது ஒரு பொறுப்பும் கூட வருகிறது. ஸ்லோ லாகிலும் எஸ்கியூஎல் வாசகத்திலும் பெயர், தொலைபேசி எண், கணக்கு எண் அப்படியே எழுதப்பட்டிருக்கலாம். 400 நாள் சேமிப்புக்குப் போகும் முன் மதிப்புகளை நீக்கி, வடிவத்தை மட்டும் வையுங்கள். செயல்திறன் ஆய்வுக்கு அந்த மதிப்புகள் அரிதாகத்தான் தேவைப்படும். தேவைப்படும் சில நாட்களுக்கு 40 நாள் சேமிப்பு போதும்.

சேமிப்பு, கண்காணிக்கப்படும் சர்வரிலேயே இருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம் என்று நினைப்போம். ஆனால் டிஸ்க் செயலிழந்த சர்வரின் கடைசி ஒரு மணி நேர அளவீடு அதே டிஸ்க்கில் மாட்டிக்கொள்வது இன்னும் நடக்கிறது. 5 நிமிடத்துக்கு ஒரு முறையாவது வெளியே அனுப்பிவிடுங்கள்.

மிக அதிகமாகச் சான்று தொலைவது அப்கிரேடிலும் மைகிரேஷனிலும்தான். புதிய சர்வர், புதிய பதிப்பு, புதிய கண்காணிப்புக் கருவி மூன்றும் ஒரே வார இறுதியில் மாறும். திங்கட்கிழமை காலை 'முன்பைவிட மெதுவாக இருக்கிறது' என்று முதல் அழைப்பு வரும்போது, அந்த 'முன்பு' அணைத்து வைக்கப்பட்ட சர்வரோடு போயிருக்கும். அதனால் மாற்றத்துக்குக் குறைந்தது ஒரு மாதக் கடைசி முன்னதாகவே சேகரிப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள். பழைய ஏடபிள்யூஆரை ஏற்றுமதி செய்து வேறொரு டேட்டாபேஸில் இறக்குங்கள். இரண்டுக்கும் ஸ்கிரிப்ட்டுகள் ஆரக்கிளோடே வருகின்றன. இறக்கிய பின் அதிலிருந்து ஒரு ரிப்போர்ட்டை உண்மையாகவே எடுத்துப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ் நகல் டேபிள்களை டம்ப் எடுங்கள். சிஸ்ஸ்டாட்டின் பைனரிக் கோப்புகளைப் பழைய சர்வரிலேயே உரை வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பதிப்பு மாறினால் புதிய சர்வர் அவற்றைப் படிக்க மறுக்கலாம். முக்கியமான அந்த 30 எஸ்கியூஎல்களின் பிளான்களையும் ஒரு முறைக்கான வாசிப்பு எண்ணிக்கையையும் ஒரே தாளில் அச்சிட்டு வைத்துக்கொண்டால், திங்கட்கிழமை காலை அழைப்பு வரும்போது முதலில் விரிக்க வேண்டியது அந்தத் தாளைத்தான்.